பினாயிலுக்கு அடங்காத வாடை: முத்தியால்பேட்டை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

2025 அக்டோபர் முதல் வாரம், ஒரு மத்தியானம் அந்த அக்கா போன் செய்தார். "தம்பி, வாரத்துக்கு ரெண்டு லிட்டர் பினாயில் ஊத்துறேன். மூணு மணி ஆனா மறுபடியும் அதே வாடை. வளைகாப்பு முடிச்சு மகளக் கார்த்திகையில கூட்டியாரணும். அதுக்குள்ள வாடை போவணும், இல்லன்னா நாயக் கொண்டுபோய் எங்கயாவது வுட்டுடணும்னு வூட்ல சொல்லிட்டாங்க."

வீடு காலி செய்தபின் கழுவிச் சுத்தம் செய்து கொடுப்பது என் தொழில். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி லாஸ்பேட்டை வரை பதினோரு வருடமாகச் செய்கிறேன். நாய், பூனை வளர்த்த வீடுகள் நிறைய வரும். எல்லாவற்றையும் எழுதி வைப்பதில்லை. முத்தியால்பேட்டை வீட்டை மட்டும் நாள்வாரியாகக் குறித்து வைத்தேன். காரணம், அங்கே வாடை ஒன்றல்ல, இரண்டு. அதில் ஒன்றுக்குத்தான் அந்த நாய் காரணம். பழி முழுவதும் அதன் தலையில் விழுந்திருந்தது.

வீடும் ஆட்களும்

கிழக்குப் பார்த்த பழைய வீடு. திண்ணை, நடை தாண்டினால் கூடம். கூடத்துத் தரை, அக்காவின் மாமனார் காலத்தில் போட்ட சிவப்பு சிமெண்ட் தரை. அறுபது வருடம் தாண்டியது. பின்னால் ஒரு படுக்கை அறை. அந்த இடத்தில் முன்பு ஓட்டுத் தாழ்வாரம் இருந்ததாம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியபோது ஓடெல்லாம் பறந்துவிட்டது. அடுத்த வருடம் அங்கே அறை கட்டி, இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ் போட்டார்கள். அந்த அறையின் பின்கதவைத் திறந்தால் தோட்டம், துணி துவைக்கும் கல், கிணறு.

வீட்டில் அக்கா, அவர் கணவர், கணவரின் அம்மா. அந்தம்மாவை எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே. நாயின் பெயர் வெள்ளச்சி. நாட்டு நாய், 12 வயது, 16 கிலோ. இரண்டு வயதில் கருத்தடை செய்தாயிற்று. ஒரு வருடமாகத் தூங்கி எழுந்த இடத்தில் ஈரம் இருக்கிறது என்றார் அக்கா. திட்டினால் தலையைக் குனிந்துகொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுமாம்.

வாடை எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். "பெஞ்சல் புயலுக்கு அப்புறம்தான்" என்று கணவர் சொன்னார். 2024 நவம்பர் 30 இரவு அந்தப் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்து, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது நமக்கு மறக்காது. இந்த வீட்டுக் கூடத்தில் கணுக்கால் தண்ணீர் இரண்டு நாள் நின்றிருக்கிறது. இந்தத் தகவலை அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எனக்கு அது பெரிய துப்பு.

அதுவரை செய்திருந்தவை

வெள்ளைப் பினாயில், கருப்புப் பினாயில், டெட்டால், ஊதுபத்தி, கற்பூரம், தட்டில் காப்பித்தூள். அதற்கு மேல் இரண்டு காரியம் நடந்திருந்தது. இரண்டுமே ஆபத்தானவை.

ஒன்று, கக்கூஸ் கழுவும் ஆசிட்டைக் கூடத்துத் தரையில் ஊற்றித் தேய்த்திருக்கிறார்கள். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பை ஆசிட் கரைத்துவிடும். அறுபது வருடமாகக் கால் பட்டுப் பட்டுக் கண்ணாடியாய் இருந்த மேல்பூச்சு, கட்டிலுக்குப் பக்கத்தில் சொரசொரவென்று ஆகியிருந்தது. உள்ளங்கையை வைத்து இழுத்தால் உப்புத்தாள் போல. முன்பு மேலேயே தேங்கி நின்ற மூத்திரம் இப்போது ஸ்பாஞ்சில் இறங்குவதுபோல உள்ளே இறங்க ஆரம்பித்திருக்கிறது. அதாவது, வைத்தியமே வழி வெட்டிக் கொடுத்திருக்கிறது.

இன்னொன்று, டைல்ஸ் அறையில் ஈரம் காயாத இடத்தில் பிளீச்சிங் பவுடரைத் தூவியிருக்கிறார்கள். அக்காவுக்கு இருமல் வந்து, கண் எரிந்து, ஓடி வெளியே வந்திருக்கிறார். பழைய மூத்திரத்தில் அமோனியா இருக்கும். அதோடு பிளீச்சிங்கின் குளோரின் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சுவாயு கிளம்பும். ஆசிட்டும் பிளீச்சிங்கும் சேர்ந்தால் இன்னும் மோசம், நேரடியாகக் குளோரினே வரும். ஜன்னல் மூடிய அறையில் இதைச் செய்து மூச்சுத் திணறியவரை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிப் பெண் வரப்போகிற வீடு. பிளீச்சிங் டப்பாவை அன்றைக்கே நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பினாயில் பற்றி ஒரு வார்த்தை. பினாயில், டெட்டால் வகையறாவில் இருக்கும் பீனால் சார்ந்த பொருள்களைப் பூனையின் ஈரல் சரியாக முறிக்க முடியாது. தரையில் நடந்து, பாதத்தை நக்கினாலே அதற்குக் கெடுதல். பூனை வளர்க்கும் வீட்டில் பினாயிலை நிறுத்திவிடுங்கள் என்று போகும் இடமெல்லாம் கெஞ்சிச் சொல்கிறேன்.

தேடுதல்

முதல் நாள் நான் எதையும் கழுவவில்லை. கழுவக் கூடாது என்றும் சொல்லிவிட்டேன். வீட்டை நான்கு மணி நேரம் பூட்டி வைக்கச் சொன்னேன். வீட்டில் இருப்பவர்களின் மூக்கு பழகிப்போயிருக்கும், அதை நம்ப முடியாது. நான் வெளியே டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டரை மணிக்கு மேல் கதவைத் திறந்து உள்ளே போனேன். அந்த நேரத்துக்குக் காரணம் உண்டு. நம் கரையோர ஊர்களில் மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று எழும்பும். வெயிலில் தரை சுட்டிருக்கும், அதன்மேல் ஈரக்காற்று வரும். அக்கா சொன்ன மூன்று மணிக் கணக்கு அதுதான்.

கூடத்தில் கனமான, அமோனியாவோடு சேர்ந்த புளித்த வாடை. பின் அறைக்குள் போனதும் அது மாறியது. அங்கே இருந்தது கூர்மையான வாடை, மூக்கின் மேல்பக்கம் குத்துவது. வாசலில் நின்ற ஆயாவிடம் சொன்னேன். அவர் உடனே, "அதத்தான் நானும் சொல்றேன், இது நாய் வாடை இல்ல, பூனை வாடை. யார் கேக்குறாங்க?" என்றார். ஆயா மூன்று மாதம் வில்லியனூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு முந்தின வாரம்தான் வந்திருந்தார். அவர் மூக்கு மட்டும்தான் அந்த வீட்டில் பழகாத மூக்கு. அந்த வீட்டில் பூனையே கிடையாது என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இரவு எட்டு மணிக்கு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு யு.வி. டார்ச் (புற ஊதா ஒளி விளக்கு) அடித்தோம். 395 நானோமீட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது. கண்ணுக்கு நேரே அடிக்கக் கூடாது. காய்ந்த மூத்திரம் மங்கிய மஞ்சள் பச்சையாகத் தெரியும். ஆனால் ஒளிர்வதெல்லாம் மூத்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சோப்புத்தூள் சிந்திய இடம் நீல வெள்ளையாக மின்னும். துவைக்கும் துணி வைத்த மூலையில் அப்படி ஒரு பெரிய திட்டு எங்களை ஏமாற்றப் பார்த்தது. சந்தேகமான இடத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைப் பத்து நிமிடம் போட்டு, எடுத்து முகர்ந்து பார்த்தோம். சோப்புத் திட்டில் சோப்பு வாசம்தான் வந்தது. உறுதியான இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டோம். கூடத்தில் நான்கு வட்டம், மூன்று கட்டிலடியில், ஒன்று சுவரோரம். பின் அறையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஒன்று.

அப்புறம் என்னோடு வந்த பையன் டார்ச்சைக் கதவுப் பக்கம் திருப்பினான். அக்கா "ஐயோ" என்றார்.

பின்கதவின் நிலைக்காலில், தரையிலிருந்து ஒன்றரைச் சாண் உயரத்தில் தொடங்கி, விரல் விரலாக ஒழுகிய கோடுகள். ஒன்றின் மேல் ஒன்றாக, புதியது பழையது கலந்து. நிலையை ஒட்டிய சுவரிலும் இரண்டு. தூக்கத்தில் ஒழுகவிடும் நாயின் மூத்திரம் தரையில் குட்டையாகத் தேங்கும், சுவரில் ஏறாது. நின்றுகொண்டு, வாலைத் தூக்கி, பின்பக்கமாகப் பீய்ச்சுவது பெரும்பாலும் கருத்தடை செய்யாத கடுவன் பூனையின் வேலை. தன் எல்லை என்று எழுதி வைக்கும் கையெழுத்து அது.

மறுநாள் காலையில் விஷயம் விளங்கியது. வாரம் மூன்று நாள் மீன் வாங்கும் வீடு. துவைக்கிற கல்லில்தான் மீன் ஆய்வார்கள். செதிலும் குடலும் அங்கேயே ஓரமாகக் கிடக்கும். பின்கதவின் அடிப்பலகை புயல் தண்ணீரில் ஊறி உளுத்து, ஒரு பக்கம் கை நுழையும் அளவு ஓட்டை. மீனுக்கு வந்த தெருப் பூனை, நாய் வாடை அடிக்கும் கதவில் தன் வாடையை மேலே எழுதிவிட்டுப் போயிருக்கிறது, நாள் தவறாமல்.

வாடை எங்கிருந்து வருகிறது

சற்று விவரமாகச் சொல்கிறேன், இது தெரிந்தால்தான் செய்முறை புரியும்.

புதிய மூத்திரத்தில் பெரிய வாடை கிடையாது. அதிலிருக்கும் யூரியாவை பாக்டீரியாக்கள் உடைத்து அமோனியா ஆக்குவதற்கு நேரம் பிடிக்கும். அமோனியா பறந்துவிடும். உப்புகளும் மற்றக் கழிவுகளும் தரையின் நுண்துளைக்குள் தங்கிவிடும். அந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். ஈரம் வந்ததும் அடங்கிக் கிடந்த பாக்டீரியா மறுபடி வேலையைத் தொடங்கும், வாடையும் கிளம்பும். நம்மூரில் மழைக்காலக் காலை நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். மதுரையில் ஆறு மாதம் தூங்கும் வாடை, இங்கே ஆறு நாளுக்கு ஒருமுறை எழுந்துகொள்ளும்.

புயல் தண்ணீர் என்ன செய்தது என்றால், இரண்டு நாள் ஊறிய தரையில் அடியில் கிடந்த பழைய உப்பெல்லாம் கரைந்தது. தண்ணீர் வடிந்து தரை காயும்போது, ஈரம் மேலே வர, உப்பும் அதோடு மேலே வந்துவிட்டது. சுவர் அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கடலோர வீட்டில் நிலத்தடி உப்பும் இப்படிப் பூக்கும் என்பதால் எல்லாப் பூப்பையும் மூத்திரம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கும் ஈரத்துணி முகர்வுதான் பரிசோதனை.

பூனை மூத்திரம் வேறு ரகம். அதில் பெலினின் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் இருக்கிறது, கடுவனிடம் மிக அதிகம். அது சிதையும்போது வரும் கந்தகச் சேர்மங்கள்தான் அந்தக் குத்தும் வாடை. பூனையின் சிறுநீரகம் காக்சின் என்ற புரதத்தைக் கொண்டு பெலினினைத் தயாரிக்கிறது என்பதை 2006-ல் மசாவோ மியாசாகி உள்ளிட்ட ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். கருத்தடை செய்தால் பெலினின் குறைகிறது, வாடையும் குறைகிறது.

யூரிக் அமிலப் படிகம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று புட்டிகளின் மேல் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மனிதனுக்கு யூரிக் அமிலம் அப்படியே வெளியேறும். நாயும் பூனையும் அதில் பெரும்பகுதியைத் தண்ணீரில் எளிதாகக் கரையும் அலன்டாயினாக மாற்றிவிடுகின்றன. நாய்களில் டால்மேஷன் விதிவிலக்கு. எனவே தண்ணீருக்கு இதில் வேலையே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் வேலையைச் செய்வது வெறும் தண்ணீர்தான், அதை மறுபடி வெளியே உறிஞ்சி எடுத்தால்.

முதலில் நாய்

தரையைத் தொடுவதற்கு முன் வெள்ளச்சியை டாக்டரிடம் காட்டச் சொன்னேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் நனைத்தால், அது குறும்பில்லை, பெரும்பாலும் நோய். குரும்பாபேட்டில் இருக்கும் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளந்துவரச் சொல்வார்கள் என்பதால் முன்கூட்டியே அளந்து வைத்தோம், 900 மி.லி. நாய் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல் குடித்தால் சர்க்கரை, சிறுநீரகம் என்று பயப்பட வேண்டும். வெள்ளச்சிக்கு அது 1,600 மி.லி. ஆகும். மூத்திரப் பரிசோதனையில் சர்க்கரை இல்லை, கிருமித்தொற்று இருந்தது. அதோடு, கருத்தடை செய்த பெண்நாய்களுக்கு வயதான பிறகு மூத்திரப்பையின் வாய்த்தசை தளர்ந்து தூக்கத்தில் ஒழுகுவது உண்டு. இதற்கும் அதுதான். இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. பத்து நாளில் படுக்கை காய்ந்த படுக்கையாக ஆனது.

ஆரோக்கியமான நாய் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 20 முதல் 40 மி.லி. மூத்திரம் போகும். 16 கிலோ நாய்க்கு 320 முதல் 640 மி.லி. அதில் கால்வாசி தரையில் போனாலும் ஒரு வருடத்துக்கு எத்தனை குடம் என்று கணக்குப் போட்டுக் காட்டியபோதுதான், ஒரு மூடி பினாயில் ஏன் போதவில்லை என்பது கணவருக்குப் புரிந்தது.

கூடத்துத் தரை

வெள்ளச்சியின் சாக்குப் படுக்கையையும், கட்டிலின் தேங்காய் நார் மெத்தையையும் தூக்கிப்போடச் சொன்னேன். நாருக்குள் போனதை எடுக்க முடியாது.

முதல் வேலை, பினாயிலை எடுப்பது. கிருமிநாசினி தங்கியிருக்கும் தரையில், மூத்திரக் கழிவைச் சிதைக்கும் என்சைம் திரவம் வேலை செய்யாது. வாசனை இல்லாத பாத்திரச் சோப்புத் திரவத்தைக் கொஞ்சமாகக் கலந்து தேய்த்து, மூன்று முறை அலசினோம்.

அப்புறம் தண்ணீர். ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றி ஈர மண்ணால் சின்ன வரப்புக் கட்டினோம், வயலில் பாத்தி கட்டுவதுபோல. உள்ளே ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, பத்து நிமிடம் நிற்கவிட்டு, ஈரம் உறிஞ்சும் வேக்குவத்தால் இழுத்தோம். கட்டிலடி வட்டத்தில் முதல் முறை இழுத்த தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னலில் வைத்தேன். கட்டன் சாயா நிறம். வாடை கிட்டவே போக முடியவில்லை. இரண்டாவது டம்ளர் வெந்நீரில் ஒரு சொட்டு டிகாக்‌ஷன் விழுந்ததுபோல. ஐந்தாவது தெளிந்த தண்ணீர். ஐந்து டம்ளரையும் வரிசையாக ஜன்னல் திட்டில் பார்த்த அக்கா, "இத்தனையும் உள்ளேயா இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். கொதிக்கும் தண்ணீரோ நீராவியோ வேண்டாம். சூடு அழுக்கிலிருக்கும் புரதத்தை இறுக வைத்துவிடும்.

அதற்கு மேல்தான் என்சைம் திரவம். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைப்பதுதான். இதில் எல்லாரும் செய்யும் தவறு, கண்ணாடி துடைப்பதுபோல லேசாக அடித்து, துணியால் துடைத்துவிடுவது. மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் இதுவும் போக வேண்டும். ஈரமாக இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். வரப்புக்குள் தாராளமாக ஊற்றி, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு, ஓரத்தை டேப்பால் ஒட்டி 24 மணி நேரம் விட்டோம். மறுநாள் காலையில் அக்கா பதறிப்போய்ப் போன் செய்தார், வாடை முன்னைவிட ஜாஸ்தி என்று. அப்படித்தான் இருக்கும். சிதையும்போது வெளியே வரத்தான் செய்யும். முன்கூட்டியே சொல்லாமல் விட்டது என் தவறு. பயந்துபோய்ப் பினாயில் ஊற்றியிருந்தால் மொத்தமும் வீணாகியிருக்கும்.

ஷீட்டை எடுத்து இரண்டு நாள் மேசை மின்விசிறியில் காயவிட்டு, மறுபடி ஒரு சுற்று. நான்கு வட்டத்தில் மூன்று அடங்கின. சுவரோர வட்டம் மூன்றாவது சுற்றும் கேட்டது.

இங்கே ஆயா ஒரு யோசனை சொன்னார். தெருவில் பலரும் எலுமிச்சைத் தோலும் வெல்லமும் தண்ணீரும் மூன்று மாதம் ஊறவைத்து வீட்டிலேயே பயோ என்சைம் செய்கிறார்கள், அதை ஊற்றினால் என்ன என்று. நல்ல பொருள்தான், சிங்க்கில், கழிவறையில் நன்றாக வேலை செய்யும். ஆனால் அது புளித்த அமிலம். வினிகரும் அப்படியே. சிமெண்ட் தரை, மொசைக், மார்பிள், சுண்ணாம்புப் பூச்சு எதிலும் அது சேராது. ஏற்கெனவே ஆசிட்டில் அடிபட்ட தரை அது. வேண்டாம் ஆயா என்றேன், ஒத்துக்கொண்டார்.

டைல்ஸ் அறை

டைல்ஸில் மூத்திரம் இறங்காது என்று நினைப்போம். டைல்ஸில் இறங்காதுதான். நடுவே இருக்கும் ஜாயிண்டில் இறங்கும். கட்டிலுக்குப் பக்கத்து டைல்ஸை விரல் கணுவால் தட்டினேன். மற்ற இடமெல்லாம் "டக் டக்" என்று கெட்டியாக வந்த சத்தம், இரண்டு டைல்ஸில் மட்டும் பானையைத் தட்டினதுபோல "டொப் டொப்" என்று வந்தது. அடியில் கலவை முழுசாகப் பிடிக்காமல் வெற்றிடம். கொத்தனாரை வைத்து இரண்டையும் பெயர்த்தோம். அடியில் மணல் ஈரமாக, கருத்து இருந்தது. அந்த மணலை ஒரு சட்டி அள்ளி வெளியே கொட்டினபோது பக்கத்து வீட்டு ஆள் எட்டிப் பார்த்தார்.

அடித்தளத்தை அலசி, என்சைம் விட்டு, ஐந்து நாள் திறந்தே போட்டுக் காயவைத்தோம். ஐப்பசி பிறந்து மழை ஆரம்பித்துவிட்டதால் ஏ.சி.யை டிரை மோடில் ஓடவிட்டோம். திரும்ப டைல்ஸ் பதிக்கும்போது அடி முழுக்கக் கலவை போடச் சொல்லி, ஜாயிண்டுக்கு ஒயிட் சிமெண்ட் வேண்டாம், எப்பாக்ஸி போடச் சொன்னேன். எப்பாக்ஸி தண்ணீரைக் குடிக்காது.

மற்ற ஜாயிண்டுகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக்கடையில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். அதில் சரிபாதி தண்ணீர் கலந்து 3 சதவீதமாக்கி, கொஞ்சம் சமையல் சோடாவும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் போட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் ஜாயிண்டில் தடவி, இருபது நிமிடம் நுரைக்கவிட்டு அலசினோம். கந்தக வாடைக்கு இது நன்றாகக் கேட்கும். கலந்ததை அப்போதே பயன்படுத்திவிட வேண்டும். மூடிய புட்டியில் வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். வினிகரோடோ பிளீச்சிங்கோடோ சேர்க்கவே கூடாது. கையுறை அவசியம். என்சைம் போடுகிற இடத்தில் அதே நாளில் இதைப் போட்டால் என்சைம் செத்துவிடும், தனித்தனி நாள் வேண்டும்.

நிலைக்கால்

மிகவும் கஷ்டப்படுத்தியது இதுதான். வேங்கை மரம், பழைய நிலை. மரத்தின் நார்வழியே மேலிருந்து ஒழுகினது அடிக்கு இறங்கி, தரைக்குள் புதைந்த பகுதிவரை போயிருந்தது. சோப்புத் தண்ணீரால் துடைத்து, என்சைமில் நனைத்த பருத்தித் துணியைக் காலுக்குக் கட்டுப்போடுவதுபோலச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் சுற்றினோம். ஒரு நாள் கட்டு, மூன்று நாள் காயவிடுவது, இப்படி மூன்று தடவை. பக்கத்துச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சை உதிர்த்து, செங்கல்வரை போய்ப் புதுப்பூச்சு பூசினார் கொத்தனார்.

வாடை அடங்கிய பிறகு தச்சர் வந்து மேல்பரப்பை உப்புத்தாள் போட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ் மூன்று கை அடித்தார். வாடையை உள்ளே நிறுத்த அரக்குக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் மிச்சம் இருக்கும் சிறிதளவை அடைக்கத்தான் அது, நாற்றத்தை மூட அல்ல. சுத்தம் செய்யாமல் மேலே பாலிஷ், பெயிண்ட், சீலர் அடித்த வீடுகளில் மறு மழைக்காலத்தில் அதையெல்லாம் சுரண்டி எடுக்க நானே போயிருக்கிறேன். கூடத்துத் தரைக்கும் அப்படித்தான், பத்து நாள் வாடை இல்லாமல் இருந்த பிறகே அடிபட்ட இடத்தில் சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்ட் பால் தேய்த்து, மெழுகு போட்டோம்.

அடிப்பலகையை மாற்றி ஓட்டையை அடைத்தாயிற்று. மீன் கழிவு அன்றன்றைக்கே மூடிய வாளிக்குப் போகிறது. பூனையைப் பிடித்து எங்காவது தூரத்தில் விடலாம் என்று கணவர் சொன்னார். ஒன்றை விட்டால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். கருத்தடை செய்து இங்கேயே விடுவதுதான் சரி என்று பேசினோம். அந்த வேலையைப் பக்கத்துத் தெருவில் தினமும் பூனைகளுக்குச் சோறு வைக்கும் ஒரு அம்மா ஏற்றுக்கொண்டார்.

பரிசோதனை

23-ஆம் நாள் வீட்டை மறுபடி நான்கு மணி நேரம் பூட்டினோம். இந்த முறை என் மூக்கையும் நான் நம்பவில்லை, மூன்று வாரமாக அங்கேயே கிடந்த மூக்கு. அந்த வீட்டுக்கே வராத என் தங்கையைக் கடலூரிலிருந்து வரச்சொல்லி, எதுவும் சொல்லாமல் உள்ளே அனுப்பினேன். கூடத்தில் மெழுகு வாசம் என்றாள். டைல்ஸ் அறையில் ஒன்றும் இல்லை என்றாள். பின்கதவுக்குப் பக்கத்தில் நின்று, குனிந்து, "இங்க ஏதோ லேசா இருக்குண்ணா" என்றாள்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தபோது நான் போன் செய்து கேட்டேன். கூடம் நன்றாக இருந்தது. நிலைக்கு அடியில், மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் மட்டும் தெரிகிறது என்றார் அக்கா. தரைக்குள் புதைந்த பகுதியில் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஈரக்காலத்தில் நிலையைப் பெயர்த்தால் சுவர் தாங்காது. சித்திரை வெயிலில் திறந்து, அடியை வெட்டி, கீழே கல் வைத்துத் தூக்கி நிறுத்துவது என்று தச்சரோடு பேசி வைத்திருக்கிறோம்.

மகள் கார்த்திகை பத்தாம் தேதி வந்துவிட்டாள். வெள்ளச்சிக்குக் கூடத்தில், ரப்பர் ஷீட்டுக்கு மேல் துவைக்கும்படியான போர்வை. இரவு பத்து மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் அதை வெளியே கூட்டிப்போவது ஆயாவின் வேலை. திரும்பி வந்ததும் அதன் படுக்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காஞ்சிருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்கிறாராம்.